மேற்குச் சுவரில் ஒரு இடுக்கு

இடுப்புக்குக் கீழே இருப்பது தன் உடம்பே இல்லை என்று தோன்றியது தச்சருக்கு. காலையிலிருந்து தொடையளவு சேற்றில் நின்று மேடைக்கான மரக் குத்துக்கால்களை நிமிர்த்திப் பிடித்திருந்தார். கரையேறி உட்கார்ந்த பிறகும் முழங்கால்கள் இரண்டும் இன்னும் தண்ணீருக்குள்ளேயே நிற்பதாக நினைத்துக்கொண்டு விறைத்துக் கிடந்தன. மடக்கினால் நீட்ட முடியவில்லை. நீட்டினால் மடக்க முடியவில்லை. தொடையில் இரண்டு குத்து விட்டுப் பார்த்தார். வேறு யாரையோ குத்தின மாதிரி இருந்தது.

“மாமா, ரெண்டு காலையும் எடுத்துட்டுத்தானே ஏறினீங்க? ஒண்ணு உள்ளேயே நின்னுடுச்சுன்னா அதுக்கும் எண்ணெய் தடவச் சொல்லிடப் போறாங்க” என்றான் தவளை, இன்னும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி.

“வாய மூடிட்டுக் கயித்த அவுரு.”

தவளை, தச்சரின் மனைவிக்குத் தம்பி. படகுத்துறைகளுக்குக் கால் நடுகிற வேலையிலேயே தலை நரைத்தவன். தண்ணீரில் இறங்கினால் சோற்றுக்குக் கூப்பிட்டால்தான் ஏறுவான் என்பதால் அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்கமாட்டான்.

தச்சரின் மனைவி சோற்றுத் தூக்கைத் திறந்து வைத்துவிட்டுத் தம்பியைப் பார்த்துக் கை ஆட்டினாள். எண்ணெய் ஊறி அவள் உள்ளங்கை இரண்டும் தேன் நிறத்தில் இருந்தன. பலகைகளுக்கு எண்ணெய் பூசுவது அவள் வேலை. ஆளிவிதை எண்ணெயைச் சூடு காட்டி, பழைய துணியில் நனைத்து, மர ரேகை போன பக்கமாகவே தேய்க்க வேண்டும். வார்னிஷ் கூடாது. வார்னிஷ் பளபளக்கும், பளபளப்பு பறவைக்கு ஆகாது. அந்த வாசனையோடுதான் மூன்று பேரும் சோறு தின்றார்கள். முட்டையைக் கடித்தாலும் அந்த வாசனைதான்.

இடம் ஒரு பூங்கா. பூங்கா என்றால் ஊஞ்சலும் பூச்செடியும் இருக்கிற பூங்கா இல்லை. ஒரு ஏரி, அதை ஒட்டிச் சின்னதாக ஒரு குளம், சுற்றிலும் சதுப்பும் நாணலும். ஏரிக்கும் குளத்துக்கும் நடுவே நாக்கை நீட்டினது போல ஒரு சேற்றுத் திட்டு. அதன் மேல் பறவை பார்ப்பதற்கு ஒரு மேடை. குளத்தைப் பார்த்துக் கிழக்கே முகம், ஏரியைப் பார்த்து மேற்கே முதுகு.

மேடைக்குப் படம் போட்டவள் கொண்டையில் எப்போதும் ஒரு பென்சிலைச் செருகியிருப்பாள். அதனால் அவள் பென்சிலம்மா. வேலை தொடங்கின அன்றைக்கே சேற்றில் செருப்பைப் பறிகொடுத்துவிட்டு வெறுங்காலோடு நின்று பேசினாள்.

“அண்ணா, இதுல சிமெண்ட் ஒரு சட்டிகூட இறங்கக் கூடாது. காலெல்லாம் பழைய படகுத்துறையைப் பிரிச்சு எடுத்த மரம். ஆணி வேண்டாம், எல்லாமே ஸ்க்ரூ. நாளைக்கு இந்த மேடை வேண்டாம்னு முடிவாச்சுன்னா கழட்டி எடுத்துட்டுப் போயிடணும். இங்க ஒரு மேடை இருந்துச்சுன்னு இந்தச் சேத்துக்கே தெரியக் கூடாது.”

தச்சருக்கு அது சுருக்கென்றது. தான் செய்த கதவுகள் தனக்குப் பிறகும் நிற்கும் என்று நினைத்து உளி பிடித்த கை அது. “தடமே இல்லாம போறதுக்கு எதுக்கும்மா இவ்வளவு இழைப்பு?” என்றார்.

“இருக்கிற வரைக்கும் யாரோட கையிலயும் சிலாம்பு ஏறக் கூடாதுல்ல, அதுக்குத்தான்.”

அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

நடைபாதைப் பலகைகளுக்கு நடுவே விரல் நுழைகிற இடைவெளி விடச் சொன்னாள். கீழே வெயில் விழுந்தால்தான் புல் உயிரோடு இருக்கும். முன்பக்கத் திறப்புகள் மூன்று உயரத்தில் வந்தன. நிற்கிறவர்களுக்கு ஒன்று, சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று. எல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியாகப் பின்சுவரைப் பற்றிச் சொன்னாள்.

“மேற்குச் சுவரு மட்டும் முழுசா மூடியே இருக்கணும். சாயங்காலம் வெயில் நமக்கு முதுகுப் பக்கம் வரும். பறவை மேல வெளிச்சம், நம்ம மேல இருட்டு. அந்த இருட்டுதான் இந்த மேடை. அதுல ஒரு ஓட்டை விழுந்தாலும் மேடையே வீண்.”

“சரிம்மா” என்றார் தச்சர். அவருக்கு அது நன்றாகவே புரிந்தது. புரியாமல் செய்துவிட்டார் என்று பிறகு யாரும் சொல்ல முடியாது.

சட்டங்கள் மட்டும் நின்று, சுவர் ஏறாமல் இருந்த நாட்கள் அவை. கீழே நின்றால் நாணல் ஆள் உயரத்துக்கு மேல் மறைக்கும். மேடை மேல் ஏறினால் நாணலின் தலை காலடியில் கிடக்கும், ஏரி முழுக்கத் தெரியும். எண்ணெய்ச் சட்டியோடு முதல் தடவை மேலே ஏறின மனைவி மேற்கே பார்த்தபடி நின்றுவிட்டாள்.

“என்ன நின்னுட்டே? எண்ணெய் கால்ல ஒழுகுது பாரு.”

“ஒழுகட்டும்.”

“சட்டி எண்ணெய் என்ன விலைன்னு தெரியுமா?”

“இங்க வாங்களேன். அக்கரையில தகர வீடு வரிசையா இருக்கு பாருங்க. நீலத் தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல. துணி பிழியறா. இடது கையால முறுக்கறா. இடது கையால துணி முறுக்குற பொண்ணு இந்த உலகத்துல வேற யாருங்க?”

தச்சர் போகவில்லை. ஏற்கெனவே தூக்குக்குண்டு விட்டுப் பார்த்த ஒரு காலுக்கு மறுபடியும் தூக்குக்குண்டு விட்டார். நூல் ஆடி நிற்கிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு ஒரே மகள். அவரோடு ஒரே கட்டடத்தில் வேலை பார்த்த வெல்டர் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். அவனிடம் குறை கண்டுபிடி என்று தச்சரைக் கேட்டால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. குடிக்க மாட்டான், வேலையில் கள்ளத்தனம் இல்லை. தன்னைக் கேட்காமல் இரண்டு பேருமாக முடிவு கட்டிவிட்டு வந்து நின்றார்கள் என்பதுதான் அவருக்கு ஆறவில்லை. “இனிமே இந்தப் படி ஏறாதே” என்று சொல்லிவிட்டார். கோபத்தில் எல்லா அப்பாவும் சொல்வதுதான். ஆனால் மகளும் அவர் ரத்தம்.

“அப்பா வாயால வாங்கிட்டுப் போறேன். அவரே வந்து கூப்பிட்டாத்தான் திரும்பி வருவேன். நீயும் அவருக்குத் தெரியாம ஒளிஞ்சு வராதேம்மா. வந்தா ரெண்டு பேருமா வாங்க” என்று சொல்லிவிட்டு ஒரு பையோடு போனாள்.

பேரன் பிறந்த சேதியைத் தவளைதான் கொண்டுவந்தான். அவன் மட்டும் அக்கரைக்குப் போவான், வருவான். சேதி கேட்ட தச்சர் இழைத்துக்கொண்டே இருந்தார். இழைத்து இழைத்து அந்தப் பலகை கதவுக்கு ஆகாத அளவுக்கு மெலிந்து போயிற்று.

பஸ்ஸில் போனால் ஏரியைச் சுற்றிக்கொண்டு இரண்டு பஸ் மாற வேண்டும். அதைவிடத் தூரமெல்லாம் வேலைக்காகப் போய் வந்தவர்தான்.

மனைவி மகளைப் பார்த்த அன்று சாயங்காலம் இரண்டு பேரும் வீடு திரும்பினார்கள். வாடகைக்கு எடுத்த ஒற்றை அறை அது. மகள் படிப்பதற்காகத் தச்சர் ஒரு மூலையைப் பிளைவுட் வைத்துத் தடுத்து, மடக்கு மேசை ஒன்று பூட்டியிருந்தார். இப்போது அதற்குள் இழைப்புளிகளும் உளிகளும் இருக்கின்றன. மனைவி அந்த மேசையைத் துடைக்கும்போது மட்டும் உளிகளை எடுத்துத் தரையில் வைத்துத் துடைப்பாள், மறுபடியும் அடுக்குவாள். அன்றைக்கும் துடைத்தாள்.

“நாளைக்குப் பின்சுவரு ஏத்தறீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

“ஆமா.”

“ம்.”

அந்த ‘ம்’ அவரைத் தூங்கவிடவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லிவிட்டுத் தூங்கியிருப்பார்.

மறுநாள் பலகை கீழிருந்து மேலாக ஏறியது. ஒவ்வொரு பலகையும் ஏரியில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டது. முதலில் நாணல் போயிற்று, பிறகு தண்ணீர். மனைவி ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தேய்த்தாள். அவள் கண் மட்டத்துக்கு வந்த இடத்தில் தச்சர் அடுத்த பலகையை எடுத்தார், கையில் வைத்துக்கொண்டு நின்றார், அதைக் கீழே வைத்துவிட்டு அதற்கும் மேலே வரவேண்டிய பலகையைப் பூட்டினார். நடுவில் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு இடுக்கு நின்றது.

தவளை ஸ்க்ரூ டப்பாவோடு வந்து பார்த்தான்.

“மாமா, ஒரு பலகை விட்டுப் போச்சு.”

“விட்டுப் போகல.”

“படத்துல...”

“படம் எனக்கும் தெரியும். நான் கீழ எறங்கறேன், நீ ஸ்க்ரூவ எடுத்துட்டு வா.”

தவளை அக்காவைப் பார்த்தான். அவள் எண்ணெய்த் துணியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அவன் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது அவன் ஆயுளில் அந்த ஒரு தடவைதான்.

அதன் பிறகு சாயங்காலம் ஆனால் மனைவிக்கு மேடையில் ஏதாவது வேலை மிச்சம் இருந்தது. இரண்டாம் பூச்சு, மூன்றாம் பூச்சு. வெயில் மேற்கே சாய்கிற நேரத்தில்தான் மகள் காய்ந்த துணி எடுக்க வருவாள். தச்சர் கீழே நடைபாதையில் உட்கார்ந்து உளிக்குச் சாணை பிடித்துக்கொண்டு காத்திருப்பார். அவர் ஒருநாளும் அந்த இடுக்கில் கண் வைக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு நடக்கிற வழியில் எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்பார்.

“துணி எடுத்தாளா?”

“எடுத்தா.”

“மழை வர மாதிரி இருந்துச்சு. அதான் கேட்டேன்.”

“பையன் ஓடறான். கீழ விழுந்தான், அவனே எழுந்து மண்ணத் தட்டிக்கிட்டான். அழல.”

“அழக் கூடாதா என்ன? அழுதா என்ன இப்ப?” என்பார் கோபமாக.

அவளுக்குச் சிரிப்பு வரும். அவர் பார்க்காத பக்கமாகத் திரும்பிச் சிரித்துக்கொள்வாள். இப்படி ஒரு நடை அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து நடந்து ரொம்ப நாளாகியிருந்தது.

ஒரு சாயங்காலம் அவள் இறங்கி வரும்போது முகம் சரியில்லை.

“என்ன, வரலையா?”

“வந்தா. இடுப்புல கைய வச்சு நிமிர்றா. காலை அகட்டி நடக்கறா.” கொஞ்ச தூரம் போய்ச் சொன்னாள்: “உண்டாயிருக்கா. மாசம் ஏறிப் போச்சு.”

“இவ்வளவு தூரத்துல உனக்குத் தெரிஞ்சுதாக்கும்.”

“பெத்தவளுக்கு நடை தெரியாதா? டேய், நீயாவது சொல்லுடா. தெரியும்தானே உனக்கு?”

பின்னால் வந்த தவளை தலையைச் சொறிந்தான். “சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டாக்கா. முதப் பிரசவத்துலயே ரொம்பக் கஷ்டப்பட்டா. இந்தத் தடவ பயமா இருக்குன்னு எங்கிட்டச் சொன்னா. ஆனா உங்ககிட்டச் சொல்லக் கூடாதாம். சேதி கேட்டு இரக்கப்பட்டு வர வேண்டாம், தானா வந்தா வரட்டும்னுட்டா. அப்படியே மாமா வார்ப்பு. ரெண்டு பேரையும் ஒரே அச்சுல ஊத்தியிருக்கு.”

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, “வேலை முடியட்டும்” என்றார் தச்சர்.

“முடிஞ்சா?”

“முடியட்டும்னு சொல்றேன்ல.”

பெரிய வேலையெல்லாம் பறவைகள் முட்டையிடும் காலத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. இனி சத்தம் வராத கைவேலை மட்டும் செய்துகொள்ளலாம் என்று அனுமதி. இந்தக் கட்டத்தில்தான் மெதுவா சார் அடிக்கடி வர ஆரம்பித்தார். பறவைகளைக் கவனிக்கிற பூங்கா ஊழியர் அவர். நடந்தாலும் பேசினாலும் தும்மினாலும் “மெதுவா, மெதுவா” என்பார். மேடைக்கு நேர் எதிரே குளத்தில் ஒரு முக்குளிப்பான் ஜோடி, மிதக்கிற பாசியைச் சேர்த்துக் கூடு கட்டியிருந்தது. மேடைக்கு இவ்வளவு பக்கத்தில் வந்து கட்டியதில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. தச்சரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“உங்க மேடைய அது மரம்னு நம்பிடுச்சுங்க. இதுக்கு மேல என்ன சர்டிபிகேட் வேணும்?”

நாலைந்து நாள் கழித்து அவரே வந்து நடைபாதையில் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார். முகம் செத்திருந்தது.

“முட்டை போச்சு.”

“பாம்பா சார்?” என்றான் தவளை.

“காக்கா. ஆனா காக்காவச் சொல்லிக் குத்தமில்ல. முக்குளிப்பான் கூட்ட விட்டு எறங்கும்போது பாசியை இழுத்து முட்டைய மூடிட்டுத்தான் போகும். எவ்வளவு அவசரம்னாலும் மூடும். மூடாம போகுதுன்னா திடீர்னு எதையோ பாத்து அரண்டிருக்குன்னு அர்த்தம். இது மூடாம போயிருக்கு. அதுவும் சாயங்காலத்துல மட்டும். மூணு நாளா நாணலுக்குள்ள உக்காந்து பாக்கறேன். வெயில் சாயற நேரத்துல சட்டுனு தலையத் தூக்கி மேடையப் பாக்குது. அப்புறம் முங்கிடுது. அங்க என்னத்தப் பாக்குதுன்னுதான் எனக்குப் புரியல.”

மனைவி கையிலிருந்த துணியை மெல்லச் சட்டிக்குள் வைத்தாள். தச்சர் அவளைப் பார்க்கவில்லை. இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அவள் மேலே ஏறவில்லை. “நீ போ, ஒருநாள்ல ஒண்ணும் ஆகிடாது” என்றார் தச்சர். அவள் தலையை ஆட்டினாள். “மூடாம விட்டுட்டுப் போச்சாம்ங்க” என்றாள்.

மறுநாள் சாயங்காலம் பென்சிலம்மா வந்தாள். மேடைக்குள் நுழைந்ததும் அவள் கண் பின்சுவருக்குத்தான் போயிற்று. இருட்டுக்குள் அந்த இடுக்கு சுண்ணாம்புக் கோடு போலப் பளீரென்று இருந்தது.

“இது என்னண்ணா?”

“காத்து வரட்டும்னும்மா” என்று முந்திக்கொண்டான் தவளை.

“முன்பக்கம் முழுக்கத் திறந்துதான இருக்கு? இன்னும் என்ன காத்து?”

“பலகை பத்தல” என்றார் தச்சர். சொல்லும்போதே மேடைக்கு அடியில் மிச்சப் பலகைகள் அடுக்கியிருப்பது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது.

மனைவி எழுந்து வந்தாள். “எனக்காக வச்சதும்மா. அக்கரையில என் பொண்ணு இருக்கா. சாயங்காலம் துணி எடுக்க வருவா. அவளப் பாக்கறதுக்கு இவரு வச்சுக் குடுத்தாரு. முட்டை போனதுக்கு நாந்தாம்மா காரணம்.”

பென்சிலம்மா இடுக்கில் கண் வைத்துப் பார்த்தாள். நேரம் எடுத்துப் பார்த்தாள். திரும்பினபோது குரலில் கோபம் இல்லை.

“அக்கா, நீங்க எப்பவும் நிக்கிற மாதிரி இங்க நில்லுங்க. அண்ணா, நீங்க என்கூட வாங்க.”

தச்சரைக் குளத்தின் மறுகரைக்குக் கூட்டிப்போனாள். நாணலை விலக்கி, “இங்க குந்துங்க. பறவை மட்டத்துக்கு” என்றாள். அவர் முழங்கால் கடகடக்கக் குந்தினார். வெயில் மேடைக்குப் பின்னால் இறங்கியிருந்தது. தான் கட்டின மேடையை முதல் தடவையாக எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. நாணலோடு நாணலாக, நிழலோடு நிழலாக. அந்தக் கறுப்புக்கு நடுவே மட்டும் தீக்கோடு ஒன்று எரிந்தது.

அது அணைந்தது. மறுபடி எரிந்தது. அணைந்தது.

“அது அக்கா. அவங்க தலை நகரும்போதெல்லாம் அப்படித்தான் தெரியும்” என்றாள் பென்சிலம்மா.

தச்சர் பார்த்துக்கொண்டே இருந்தார். கோடு அணைந்தால் அவள் இடுக்கில் முகத்தை வைத்திருக்கிறாள் என்று அர்த்தம். எரிந்தால் கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒதுங்கியிருக்கிறாள். பிறகு கோடு ஒரேயடியாக அணைந்துபோய், எரியவே இல்லை. மகள் துணி எடுக்க வந்துவிட்டாள் போல. இத்தனை நாளாகத் தான் கீழே உட்கார்ந்து சாணை பிடித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் இங்கே இப்படித்தான் இருந்திருக்கிறது.

“நாலு விரல் அகலம்தானே, என்ன வந்துடப் போகுதுன்னு நெனச்சுட்டேம்மா” என்றார்.

“தெரியுதுண்ணா.”

திரும்பி வந்ததும் பென்சிலம்மா கொண்டையிலிருந்து பென்சிலை உருவிப் பலகையிலேயே வரைந்து காட்டினாள். இடுக்கை எடுக்க வேண்டாம். அதைச் சுற்றி ஒரு கூண்டு, உள்ளே கறுப்புப் பூச்சு, பின்னால் கனமான துணித்திரை. தலையைத் திரைக்குள் விட்டுக்கொண்டால் வெளிச்சம் இந்தப் பக்கம் கசியாது. “ஆபீஸ்ல நான் பேசிக்கறேன். ஏரியப் பாக்கறதுக்கும் ஒரு திறப்புன்னு படத்தத் திருத்திடலாம். அக்கா எப்ப வேணும்னாலும் வந்து பாக்கலாம்.”

தச்சர் முகம் தெளிந்தது. “ஒரு நாள் வேலைம்மா. இன்னிக்கே ஆரம்பிச்சிடறேன்” என்று அளவுகோலை எடுத்தார்.

“வேண்டாம்மா” என்றாள் மனைவி.

“அக்கா, பறவைக்கு ஒண்ணும் ஆகாது. நான் சொல்றேன்ல.”

“பறவைக்கு ஆகாதும்மா. எனக்குத்தான் ஆகும். நீங்க கூண்டு செஞ்சு குடுத்தா நான் தினமும் வந்து அதுக்குள்ள தலைய விட்டுட்டு நிப்பேன். இவரு கீழ உக்காந்து உளி தீட்டுவாரு. துணி எடுத்தாளான்னு கேப்பாரு. எனக்குக் காட்டியாச்சு, கடமை முடிஞ்சுதுன்னு அப்படியே இருந்துடுவாரு. அவ அங்க வயித்தப் புடிச்சுக்கிட்டு நடக்கறா. நான் இங்கருந்து அவ நடைய அளந்துட்டு இருக்கவா?” கணவன் பக்கம் திரும்பினாள். “சுவத்துல வழி விடத் தெரியுது. எழுந்து போகத் தெரியல. மூடுங்க அத.”

தச்சர் கீழே போய் மிச்சப் பலகையில் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். சத்தம் வரக் கூடாது என்பதால் ஸ்க்ரூக்களைக் கையாலேயே திருகினார். மனைவி பக்கத்தில் நின்று பலகையைப் பிடித்துக்கொண்டாள். கடைசித் திருகுக்கு முன்னால் அவர் கை நின்றது. விளிம்பில் நூல் பிடித்தாற்போல ஒரு வெளிச்சம் மிச்சம் இருந்தது. குனிந்து அதில் கண் வைத்தார்.

“தெரியறாளா?” என்றாள்.

“தண்ணிதான் தெரியுது” என்றார். பிறகு திருகினார்.

“கூட்டிட்டுப் போறேன். ஞாயித்துக்கிழமை” என்றார் வெளியே வந்ததும். அவள் கேட்காமலே அவராகச் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை சவரம் செய்துகொண்டு, இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டார். பேரனுக்கென்று மரத்தில் ஒரு சின்ன வண்டி செய்திருந்தார். எப்போது செய்தார் என்று மனைவிக்கே தெரியாது. பேசினால் கலைந்துவிடுமோ என்று பயந்தவள் போலப் புடவை மடிப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். முதல் பஸ்ஸில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர் முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

ஏரி வந்தது. தகர வீட்டு வரிசையின் முன்பக்கம் வந்தது. பஸ் நின்றது.

“தண்ணித் தொட்டி ஸ்டாப்! எறங்கறவங்க எறங்குங்க” என்றார் கண்டக்டர்.

மனைவி எழுந்தாள். தச்சர் எழவில்லை. கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. வெளியே ஒரு வீட்டு வாசலில் கதவு திறந்து கிடந்தது. படியில் சின்னச் செருப்பு இரண்டு, ஒன்று கவிழ்ந்து.

“யாரும்மா எறங்கறது? எறங்கினா எறங்குங்க, இல்லன்னா உக்காருங்க. வண்டி எடுக்கணும்.”

“ஏங்க” என்றாள்.

அவர் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் உட்கார்ந்துவிட்டாள். பஸ் கிளம்பி, கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிற்று. அங்கே இறங்கி இரண்டு பேரும் ஆளுக்கொரு டீ குடித்தார்கள். டீ வழக்கத்தைவிடச் சூடாக இருந்ததால் கொஞ்ச நேரம் ஊதிக்கொண்டிருக்க முடிந்தது. திரும்பி வருகிற அதே பஸ்ஸில் ஏறி, இந்தத் தடவை ஏரிப் பக்கமாக உட்கார்ந்தார்கள். ஸ்டாப் வந்தது, போயிற்று.

ஏரி பார்வையிலிருந்து மறைந்ததும் அவர் சொன்னார்: “நீயாவது எறங்கியிருக்கலாம்.”

“எறங்கியிருக்கலாம். படி ஏறாதேன்னு சொன்னது நானா? கடன் உங்க பேர்ல இருக்கு. நான் கொண்டுபோய்க் குடுத்தா அவ வாங்கிக்க மாட்டா.”

“அடுத்த வாரம்...”

“ம்” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் தச்சர் மரவண்டியை உளிகளுக்குப் பக்கத்தில், மடக்கு மேசை மேல் வைத்தார். மறுவாரம் வேறொரு வேலை வந்தது. அதற்கடுத்த வாரம் மழை. மேடையைத் திறந்துவைத்துவிட்டார்கள், ஜனம் வந்து பார்க்கிறது, எல்லாரும் இருட்டில் நின்று கிழக்கே பார்க்கிறார்கள். மகளுக்கு மாதம் நெருங்கிவிட்டது என்று தவளை வந்து சொல்லிவிட்டுப் போகிறான். அந்த வாசலுக்குப் போய் நின்று, “வாம்மா, வீட்டுக்கு” என்று அவர் தன் வாயால் கூப்பிட வேண்டியது இன்னும் பாக்கி.